சர்வருக்கு விலை உயர்ந்த நெட்வொர்க் கார்டு தேவையா? வடசென்னையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் இருக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் சர்வர் வைத்துக் கொடுத்துப் பராமரிப்பது எங்கள் வேலை. ஐந்து கம்ப்யூட்டர் முதல் ஐம்பது கம்ப்யூட்டர் வரை ஓடும் இடங்கள். புது சர்வருக்குக் கொட்டேஷன் வாங்கியவர்கள், அதில் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய தொகை இருப்பதைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதி வைத்திருக்கிறோம். டேட்டா சென்டர் நடத்துகிறவர்களுக்கு இது உதவாது. அவர்கள் கணக்கு வேறு.

சர்வர் கொட்டேஷனில் பத்து கிகாபிட் கார்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கலாமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். முதலில் கொட்டேஷனைத் திரும்பப் பாருங்கள். சுவிட்சை, அதாவது எல்லா கம்ப்யூட்டரின் கேபிளும் வந்து சேரும் பெட்டியை, மாற்றுவது பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கார்டை யாரும் யோசித்துச் சேர்க்கவில்லை. சுவிட்ச் ஒரு கிகாபிட்டில் இருக்கும்போது சர்வரில் பத்து கிகாபிட் கார்டு போட்டால், அது பணிந்துபோய் ஒரு கிகாபிட்டில் ஓடும். வழக்கமான ஆர்ஜே45 துளைக்குப் பதில் வேறு வடிவத் துளையுள்ள எஸ்எஃப்பி பிளஸ் வகைக் கார்டாக இருந்தால் பழைய சுவிட்சில் அதன் கேபிளைச் செருகக்கூட இடம் இருக்காது.

‘விலை உயர்ந்த கார்டு’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, வேகத்துக்காக விலை கூடிய கார்டு: 10, 25, 100 கிகாபிட். இன்னொன்று, அதே ஒரு கிகாபிட் வேகம்தான், ஆனால் சர்வருக்கென்று செய்த தரமான சிப், நல்ல டிரைவர், இரண்டு அல்லது நான்கு போர்ட். முதல் வகைக்கு அளந்து பார்த்த பிறகே காசு போடுங்கள். இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. சர்வர் என்று வாங்கும் பெட்டியில் அது ஏற்கெனவே மதர்போர்டிலேயே இருக்கும் என்பதையும் பாருங்கள். இருப்பதையே இரண்டாவது தடவை விற்பார்கள்.

ஒரு கிகாபிட் என்றால் நிஜத்தில் எவ்வளவு?

விநாடிக்கு 125 மெகாபைட். டேட்டா பாக்கெட் எனும் சின்னத் துண்டுகளாகப் போகும். ஒவ்வொன்றிலும் ஒட்டும் எதர்நெட், டிசிபி தலைப்புகள் போக கைக்குக் கிடைப்பது 110 முதல் 117 வரை. சாதாரண ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் 150 முதல் 250 வரை தரும். ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃபைல் கேட்டால் அதன் முள் அங்கும் இங்கும் ஓடி, சில மெகாபைட்டுக்குச் சரிந்துவிடும். சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் போகும்.

இதை வைத்து உங்கள் வேலையைப் பாருங்கள். தம்புச் செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகம். இருபது பேர். ஸ்கேன் செய்த பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் எல்லாம் சர்வரில். ஒரு பிடிஎஃப் 2 மெகாபைட் இருக்கும். ஒரு கிகாபிட்டில் அது வந்து சேர ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும். பத்து கிகாபிட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. யாருடைய கண்ணுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. சுங்கத்துறை வேலையெல்லாம் ஐஸ்கேட் தளத்தில் நடப்பதால் அந்தப் போக்குவரத்து உங்கள் சர்வர் பக்கமே வருவதில்லை.

டேலி ரொம்ப மெதுவாக இருக்கிறது. கார்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஆகுமா?

ஆகாது. எங்களுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கம்பெனி டேட்டாவை சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்துவிட்டு, எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து திறக்கிறீர்கள். ஒரு ரிப்போர்ட் கேட்டால் கம்ப்யூட்டர் சர்வரிடம் ‘இந்தத் துண்டைக் கொடு’ என்று கேட்கும், வந்ததும் அடுத்த துண்டைக் கேட்கும். ஒவ்வொன்றும் சின்னத் துண்டு. இப்படி ஒரு ரிப்போர்ட்டுக்கு இருபதாயிரம் தடவை போய் வரவேண்டியிருக்கிறது என்று வையுங்கள். கேபிளில் ஒரு தடவை போய் வர 0.3 மில்லிவிநாடி என்றால் மொத்தம் 6 விநாடி. பத்து கிகாபிட் கார்டு போட்டாலும் போய்வரும் நேரம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் பெரும்பகுதி விண்டோஸும் சர்வரின் டிஸ்க்கும் எடுத்துக்கொள்வது. அதே ஆள் வைஃபையில் உட்கார்ந்திருந்தால் ஒரு தடவைக்கு 3 மில்லிவிநாடி ஆகும். மொத்தம் ஒரு நிமிடம். காத்திருப்பது இங்கேதான்.

அப்போது செய்ய வேண்டியது: கணக்கு எழுதுகிறவரை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றுங்கள். டேட்டா ஃபோல்டரை எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை ஃபைல் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் முழுக்கத் துழாவுகிறதா என்று பாருங்கள். இதற்கும் மேல் வேகம் வேண்டுமென்றால், சர்வரிலேயே டேலியை ஓடவிட்டு, மற்றவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போகலாம். இருபதாயிரம் போய்வரவும் சர்வருக்குள்ளேயே முடிந்துவிடும், திரையில் மாறும் படம் மட்டும் கேபிளில் வரும். அதற்கு 100 மெகாபிட்கூடத் தாராளம். லைசென்ஸ் விதியை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமுக கேட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, நம் லாரிக்கு மட்டும் பெரிய இன்ஜின் போட்டால் முன்னால் போக முடியுமா? டேலிக்குப் பத்து கிகாபிட் கார்டு அந்த மாதிரிதான்.

அப்படியானால் அந்தக் காசுக்கு விலை உயர்ந்த கார்டில் என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அது உங்களுக்கு வேலைக்கு ஆகிறதா என்பதுதான் கேள்வி.

முழு அளவுப் பாக்கெட்டாக வந்தால் ஒரு கிகாபிட்டில் விநாடிக்கு சுமார் 81 ஆயிரம் பாக்கெட். மிகச் சிறிய பாக்கெட்டாக வந்தால் 14.88 லட்சம். பத்து கிகாபிட்டில் அதுவே 1.488 கோடி. அதாவது ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 67 நானோவிநாடி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கார்டு பிராசசரைத் தட்டி எழுப்பினால் பிராசசர் வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது. நல்ல கார்டு நாலைந்து வழிகளில் இதைக் குறைக்கிறது. பாக்கெட்டுகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரே தடவை எழுப்பும். பிழை சரிபார்க்கும் செக்சம் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். அனுப்பும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் 64 கிலோபைட் மூட்டையாகக் கொடுத்தால் போதும், அதை நாற்பத்தைந்து பாக்கெட் அளவுக்கு வெட்டி அனுப்புவது கார்டின் பொறுப்பு. வரும் போக்குவரத்தைப் பல வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் பிராசசரின் வெவ்வேறு கோருக்கு அனுப்பும்.

பழைய 100 மெகாபிட் காலத்தில் நம்மூரில் எல்லா அசெம்பிள் கம்ப்யூட்டரிலும் இருந்த ரியல்டெக் 8139 சிப்பை நினைத்துப் பாருங்கள். வரும் பாக்கெட்டுகளை அது ஒரு வளைய நினைவகத்தில் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் பிராசசர்தான் எடுத்து வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். அந்தச் சிப்புக்கு ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டிரைவர் எழுதியவர் அதன் தரத்தைத் திட்டி நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதிவைத்தார். விலை மலிவுக்குக் காரணம் அதுதான்: கார்டு செய்ய வேண்டிய வேலையை உங்கள் பிராசசர் செய்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மேலே சொன்ன வசதிகளில் பாதிக்கு மேல் இப்போது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கிகாபிட் கார்டிலும் உண்டு. பிராசசர்களும் வேகமாகிவிட்டன. ஒரு கிகாபிட்டை நிரப்ப இன்றைய பிராசசர் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

டிசிபி முழுவதையும் கார்டே பார்த்துக்கொள்ளும், சர்வருக்குச் சுமையே இருக்காது என்று விளம்பரம் பார்த்தேன்.

அது பழைய ஆசை. பாக்கெட்டுகள் விடுபடாமல் வரிசையாகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி வேலை மொத்தத்தையும் கார்டுக்குத் தள்ளிவிடும் கார்டுகள் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதற்கு இடம் கேட்டு 2005-ல் நிரல் கொண்டுவந்தபோது நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்கள் மறுத்துவிட்டார்கள். காரணங்கள் நியாயமானவை. டிசிபியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால் கெர்னலை அன்றே திருத்தலாம், கார்டுக்குள் இருப்பதைத் திருத்தத் தயாரிப்பாளர் மனம் வைக்க வேண்டும். ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போக்குவரத்து போய்விடும். அதோடு, அடுத்த தலைமுறை பிராசசர் வந்ததும் கார்டின் குட்டி பிராசசர் கிழடாகிவிடும்.

விளையாட்டுப் பிரியர்களுக்காக பிக்ஃபுட் நெட்வொர்க்ஸ் 2006-ல் கில்லர் என்ற கார்டை விட்டது. அதிலேயே 400 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், அதன்மேல் லினக்ஸ். விலை 280 டாலர் பக்கம். வீட்டுக்கு வரும் இணையத்தில் ஏற்படும் தாமதம் பத்து, நூறு மில்லிவிநாடிக் கணக்கில் இருக்கும்போது, கார்டில் மைக்ரோவிநாடிகளை மிச்சம் பிடித்து என்ன பயன்?

மதர்போர்டிலேயே வரும் ரியல்டெக் போர்ட் சர்வருக்கு ஆகவே ஆகாது என்கிறார்களே?

8139 காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸிலோ லினக்ஸிலோ பத்துப் பதினைந்து பேருக்கு ஃபைல் கொடுக்கும் சர்வருக்கு இன்றைய ரியல்டெக் ஒரு கிகாபிட் போதும். இரவும் பகலும் ஓடட்டும்.

ஆனால் விட்டுக்கொடுக்காத இடங்கள் இரண்டு. ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான ஃபயர்வால் பெட்டி கட்டுகிறீர்கள் என்றால் இன்டெல் சிப் கார்டு போடுங்கள், அங்கே டிரைவர் தரம் வெளிப்படையாகத் தெரியும். ஈஎஸ்எக்ஸ்ஐ போட்டு மெய்நிகர் மெஷின்கள், அதாவது ஒரே பெட்டிக்குள் பல தனித்தனி கம்ப்யூட்டர்கள், ஓட்டப்போகிறீர்கள் என்றாலும் அப்படியே. ரியல்டெக்குக்கு டிரைவர் இல்லாமல் பல வருடம் எல்லாரையும் அது அலையவிட்டது. வாங்குவதற்கு முன் நீங்கள் போடப்போகும் பதிப்பின் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள்.

இன்டெல் என்றால் குறையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அதன் 2.5 கிகாபிட் ஐ225 சிப்பின் முதல் தயாரிப்புகளில் பாக்கெட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியில் பிழை இருந்து, சில சுவிட்சுகளோடு சேரும்போது வேகம் படுத்துவிட்டது. புதுத் தயாரிப்பு வந்துதான் சரியானது. விலை கொடுத்ததால் மட்டும் தலைவலி வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

சரி, யாருக்குத்தான் நிஜமாகவே தேவை?

திருமண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ. பெரம்பூரிலும் கொளத்தூரிலும் இப்போது மூன்று நான்கு எடிட்டர்கள் ஒரே நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க்கில் மாட்டிய பொது டிஸ்க் பெட்டி) 4கே காட்சிகளை நேரடியாக இழுத்து வேலை பார்க்கிறார்கள். ஒருவர் டைம்லைனைத் தள்ளினால் இன்னொருவருக்குத் திணறும். இங்கே நாஸிலிருந்து சுவிட்ச் வரைக்கும் பத்து கிகாபிட் போட்டால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

ஒரே பெட்டியில் ஆறேழு மெய்நிகர் மெஷின் ஓட்டுகிறவர்கள். எல்லாருடைய போக்குவரத்தும் ஒரு கம்பியில் போகிறது. குறைந்தபட்சம் நான்கு போர்ட் கார்டாவது வேண்டும். டிஸ்க் தனிப் பெட்டியில் இருந்து நெட்வொர்க் வழியாக வருகிறதென்றால் பத்து கிகாபிட் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

பேக்கப் நேரம் போதாதவர்கள். 4 டெராபைட்டை ஒரு கிகாபிட்டில் நகலெடுக்க ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் காலை ஏழரை தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பத்து கிகாபிட் போட்டு, டிஸ்க் வரிசை விநாடிக்கு 400 மெகாபைட் தந்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். டிஸ்க் 120-தான் தருகிறது என்றால் கார்டு மாற்றியும் அதே ஒன்பது மணி நேரம்தான். தினமும் முழு நகல் எடுக்காமல், மாறியதை மட்டும் எடுக்கும்படி பேக்கப்பை அமைத்தாலே பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அதற்குச் செலவு பூஜ்யம்.

அப்புறம், தெருவுக்கு இணையம் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர்கள். பிசியிலேயே ரவுட்டர் ஓட்டுகிறவர்களுக்கு மெகாபைட் கணக்கு உதவாது, பாக்கெட் எண்ணிக்கைதான் கணக்கு. நூற்றுக்கணக்கான வீடுகளின் சின்னச் சின்னப் பாக்கெட் வந்து மோதும்போது பல வரிசையுள்ள கார்டுக்கும் ஒரே வரிசையுள்ள கார்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லினக்ஸில் டாப் என்ற கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கோர் மட்டும் மென்குறுக்கீட்டில் (வரும் பாக்கெட்டுகளைக் கையாளும் வேலையில்) நூறு சதவீதம் எரிந்துகொண்டு மற்றவை சும்மா இருந்தால், கார்டுக்குக் காசு போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

2.5 கிகாபிட் கார்டு என்று ஒன்று வருகிறதே, அது எப்படி?

நடுத்தர அலுவலகத்துக்கு இன்று நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான். 2016-ல் தரப்படுத்தினார்கள். சுவருக்குள் ஏற்கெனவே போன கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும் என்பதுதான் இதன் பெரிய லாபம். சுவரை உடைக்க வேண்டாம். நிஜத்தில் விநாடிக்கு 280 மெகாபைட் பக்கம் கிடைக்கும். ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்த நாஸுக்கு அதுவே போதும். சுவிட்சும் 2.5 ஆக இருக்க வேண்டும்.

இரண்டு ஒரு கிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டினால் இரண்டு கிகாபிட் ஆகிவிடாதா?

பலர் சேர்ந்து இழுக்கும்போது மொத்தமாக ஆகும். ஒரு ஆள் ஒரு பெரிய ஃபைலை இழுத்தால் ஆகாது. போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும் எல்ஏசிபி முறையில் ஒரு இணைப்பு முழுக்க ஒரே கம்பியில்தான் போகும், பாக்கெட் வரிசை குலையக் கூடாது என்பதற்காக. விண்டோஸ் சர்வர் 2012 முதல் வரும் எஸ்எம்பி மல்டிசேனல் இதற்கு வேறு வழி: ஒரே ஃபைல் நகலெடுப்பைப் பல இணைப்புகளாகப் பிரித்து அனுப்பும். ஆனால் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு போர்ட் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் இன்னொன்றில் ஓடும் என்பதற்காக இரண்டு போர்ட் கட்டுவது நல்ல பழக்கம். எலிகள் உள்ள குடோன்களில் ரொம்பவே நல்ல பழக்கம்.

பத்து கிகாபிட் போடுவதென்று முடிவாகிவிட்டது. காப்பர் கேபிளா, எஸ்எஃப்பி பிளஸா?

சர்வரும் சுவிட்சும் ஒரே ரேக்கில் இருந்தால் எஸ்எஃப்பி பிளஸ் கார்டும் ஒரு டிஏசி கேபிளும் (இரண்டு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் குட்டைக் கேபிள்) போதும். விலை குறைவு, சூடு கிட்டத்தட்ட இல்லை. காப்பரில் பத்து கிகாபிட் ஓட்டும் கார்டு ஒரு போர்ட்டுக்கே சில வாட் எரிக்கும். பழைய கார்டுகளில் ஹீட்சிங்க்கைத் தொட முடியாது. காப்பரில் கேட் 6 என்றால் 55 மீட்டர் வரை, கேட் 6ஏ என்றால் 100 மீட்டர்.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் பல ‘கேட் 6’ சுருள்களில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். அது எந்த எதர்நெட் கேபிள் தரத்துக்குள்ளும் வராது. மடக்கினால் உடையும், தூரம் கூடினால் பிழை வரும். கார்டுக்கு இருபதாயிரம் கொடுத்துவிட்டுக் கேபிளில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், உதாரணமாக மாதவரத்தில் அலுவலகத்திலிருந்து பின்னால் உள்ள குடோனுக்கு, செம்புக் கேபிளே இழுக்காதீர்கள். மழைக்காலத்தில் இடி விழுந்தால், அல்லது இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றாக இல்லையென்றால், போர்ட்டும் போகும், சில நேரம் மதர்போர்டும் போகும். சிங்கிள் மோட் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இழுத்துவிடுங்கள். ஒரு கிகாபிட்டுக்கான ஃபைபரும், அதைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் இப்போது பெரிய செலவில்லை. பின்னால் பத்து கிகாபிட் வேண்டுமென்றாலும் அதே சிங்கிள் மோட் ஃபைபர் தாங்கும்.

ரிச்சி தெருவில் பழைய பத்து கிகாபிட் கார்டு சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். டேட்டா சென்டர்கள் 25, 100 கிகாபிட்டுக்கு மாறியபோது கழற்றிப் போட்ட கார்டுகள் அவை. நெட்வொர்க் கார்டில் தேய்கிற பாகம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் நிற்கும்போதே சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஸ்லாட். பத்து கிகாபிட் கார்டுகள் பெரும்பாலும் எட்டு லேன் (மதர்போர்டோடு டேட்டா போய்வரும் பாதை) கார்டுகள். உங்கள் மதர்போர்டில் மிச்சம் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-ன் ஒரு லேன் ஸ்லாட்டாக இருந்தால், கார்டு அதில் உட்காராது. உட்கார வைத்தாலும் விநாடிக்கு 500 மெகாபைட்டோடு நின்றுவிடும். நீளமான ஸ்லாட்டாகத் தெரிந்தாலும் உள்ளே எத்தனை லேன் இணைத்திருக்கிறார்கள் என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள்.

இரண்டாவது காற்று. இந்தக் கார்டுகள் ரேக் சர்வரில், முன்னாலிருந்து பின்னால் சீறும் ஃபேன்களுக்கு நடுவே வாழ்ந்தவை. அவற்றில் சொந்த ஃபேன் கிடையாது. ஏசி இல்லாத அறையில், டவர் கேபினெட்டில், ஏப்ரல் மே மாதத்தில் போட்டால் சூடேறி, திடீரென்று காணாமல் போகும், ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வரும். ஒரு சின்ன ஃபேனை அதன்மேல் திருப்பி வைத்தால் தீர்ந்தது.

மூன்றாவது மாட்யூல் பூட்டு. மாட்யூல் என்பது எஸ்எஃப்பி பிளஸ் துளையில் செருகும் துண்டு. சில கார்டுகள் தன் கம்பெனி மாட்யூலைத்தான் ஏற்கும். இன்டெல் எக்ஸ்520 அந்த ரகம். லினக்ஸ் டிரைவரில் அந்தத் தடையை எடுக்க ஒரு அமைப்பு இருக்கிறது, விண்டோஸில் பொருத்தமான மாட்யூல் தேட வேண்டியிருக்கும்.

நான்காவது டிரைவர் வயது. லினக்ஸ் பழைய கார்டுகளைக் கைவிடுவது அபூர்வம். விண்டோஸ், ஈஎஸ்எக்ஸ்ஐ புதுப் பதிப்புகளில் அப்படி இல்லை.

ஐந்தாவது போலி. இன்டெல் நான்கு போர்ட் கார்டுகளில் போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அசல் என்று காட்டும் யோட்டாமார்க் ஸ்டிக்கர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அதையும் ஒட்டி விற்கிறார்கள். சீல் பிரிக்காத ‘புது’ கார்டு பாதி விலைக்கு வருகிறது என்றால், தூசி படிந்த பழைய சர்வர் கம்பெனி கார்டு அதைவிட நம்பகம். வாரண்டி வாய்வார்த்தையாக இருக்கும். பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் கடை காசிமேடு பக்கம். உப்புக்காற்று கார்டைக் கெடுக்குமா?

கார்டைவிட அதில் செருகும் முனைகளைத்தான் முதலில் கெடுக்கும். ஆர்ஜே45 முனையில் பச்சை பூத்தால் பிழைகள் ஆரம்பிக்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்தில் சர்வரை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், மலிவான முனைகளை வருடத்துக்கு ஒரு தடவை வெட்டி மாற்றுங்கள். சாதாரண கார்டு வாங்கினாலும் விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் இந்தப் பராமரிப்பு ஒன்றுதான்.

எங்கே தடை இருக்கிறது என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அரை மணி நேர வேலை.

முதலில் சர்வரிலும் கம்ப்யூட்டரிலும் இணைப்பு வேகம் என்னவென்று பாருங்கள். விண்டோஸில் அடாப்டர் நிலையைத் திறந்தால் தெரியும். அங்கே 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம். ஒரு கிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி அறுந்தால் பல கார்டுகள் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். ‘சர்வர் திடீரென்று மெதுவாகிவிட்டது’ என்று வரும் போன்களில் இதுதான் எங்களுக்குப் பிடித்தமான வியாதி. ஒரு முனையை மாற்றினால் விநாடிக்கு 11 மெகாபைட் 110 ஆகும்.

அடுத்து ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருள். சர்வரில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று ஓடவிடுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் கேபிளை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் பக்கம் வந்தால் கார்டும் கேபிளும் சுவிட்சும் ஒழுங்காக இருக்கின்றன. ஐபெர்ஃப்3 940 காட்டுகிறது, ஃபைல் நகலெடுத்தால் 30 மெகாபைட்தான் வருகிறது என்றால் குற்றவாளி டிஸ்க் அல்லது ஆன்டிவைரஸ். ஃபைல் நகலெடுப்பும் கேபிளின் எல்லையில் (விநாடிக்கு 110 மெகாபைட் பக்கம்) முட்டி நிற்கிறது, அதுவும் வேலை நேரம் முழுக்க அப்படித்தான் என்றால், அப்போதுதான் பெரிய கார்டு பற்றிப் பேச வேண்டும். லினக்ஸ் சர்வரில் ஈத்டூல் எடுத்து சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் கேபிளை மாற்றுங்கள்.

நல்ல கார்டு போட்டால் இணைய வேகம் கூடுமா?

கூடாது. உங்கள் இணைப்பு 200 மெகாபிட் என்றால் சாதாரணக் கார்டே அதைப்போல் ஐந்து மடங்கு தாங்கும்.

ஜம்போ ஃபிரேம் போடச் சொல்கிறார்களே?

வழக்கமான அளவைவிடப் பெரிய பாக்கெட்டாக அனுப்புவதுதான் அது. சர்வருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவே தனிக் கம்பி இருந்தால் போடலாம். பிரிண்டர், பில் மெஷின், கேமரா எல்லாம் கலந்த நெட்வொர்க்கில் போட்டால், ஏதோ ஒன்று மட்டும் காரணம் தெரியாமல் வேலை செய்யாது. விட்டுவிடுங்கள்.

100 கிகாபிட், ஆர்டிஎம்ஏ, ஸ்மார்ட் நெட்வொர்க் கார்டு என்றெல்லாம் எங்கே பயன்படுத்துகிறார்கள்?

அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்களில். ஏஐ பயிற்சிக்காகக் கட்டிய சர்வர் கூட்டத்தில் ஒரு மெஷின் இன்னொன்றின் நினைவகத்தைப் பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் படிக்க வேண்டும், அதற்கு ஆர்டிஎம்ஏ. பங்குச்சந்தைப் பக்கம் மைக்ரோவிநாடிக்குப் போட்டி போடுகிறவர்கள் கெர்னலையே தாண்டிப் போகும் கார்டுகள் வாங்குகிறார்கள், அவர்களுக்கு ஒரே நாளில் போட்ட காசு திரும்பலாம். மின்ட் தெருவில் பில் போடும் சர்வருக்கு இதை யாராவது விற்க வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவையுங்கள்.

கார்டை மாற்றினால் மென்பொருள் லைசென்ஸ் போய்விடுமா? கடையை எத்தனை நேரம் மூட வேண்டும்?

சில மென்பொருள்கள் லைசென்ஸை நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி அடையாள எண்) கட்டிவைக்கின்றன. பழைய கார்டைக் கழற்றினால் மறுநாள் காலையில் திறக்காது. மாற்றுவதற்கு முன் மென்பொருள் கொடுத்தவரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய போர்ட்டை அணைக்காமல் அப்படியே விட்டு, புதுக் கார்டைக் கூடுதலாகப் போடுங்கள்.

ஐபி முகவரியைக் குறித்து வையுங்கள். விண்டோஸில் பழைய கார்டு போன பிறகும் அதன் முகவரி உள்ளே ஒளிந்திருக்கும், புதுக் கார்டுக்கு அதே முகவரி கொடுத்தால் வேறொரு அடாப்டரில் இருக்கிறது என்று சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லிப் பழையதை நீக்குங்கள். லினக்ஸில் புதுக் கார்டைச் செருகினால் மற்ற போர்ட்டுகளின் பெயரும் மாறக்கூடும். அதனால் தொலைவிலிருந்து செய்யாமல், திரையும் கீபோர்டும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து செய்யுங்கள். ரவுட்டரில் மேக் முகவரியை வைத்து முகவரி ஒதுக்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாகப் போனால் ஒரு மணி நேரம். போகாவிட்டால் என்று இன்னும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கிளியரிங் அலுவலகம் என்றால் ஞாயிறு வசதி. எம்.சி. ரோடு ஜவுளிக்கடை என்றால் ஞாயிறுதான் பெரிய வியாபாரம், ஆகையால் வார நடுவில் ஒரு நாள் இரவு கல்லா மூடி பேக்கப் எடுத்த பிறகு ஆரம்பியுங்கள். கழற்றிய பழைய கார்டைத் தூக்கிப் போடாமல் பெயர் எழுதி ஒரு கவரில் போட்டு, சர்வர் ரேக்கிலேயே வைத்துவிடுங்கள்.